அக்காவும் நானும் ஸ்ட்ரைப்பரும்: நியூஜெர்சிக் கரையில் முதன்முதலாகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு

அக்கா வர்ஜீனியாவில் இருக்கிறாள், நான் நியூஜெர்சி எடிசனில். வருடா வருடம் மே மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கார் வாசலில் வந்து நிற்கும். பின்சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் இரண்டாகக் கழற்றிய பத்தடித் தூண்டில் கோல். "எப்படி இருக்க?" என்று ஆரம்பிப்பாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், "நாளைக்குக் கடல் ஏத்தம் எத்தன மணிக்குலே?" என்பாள்.

ஏரலில் வளர்ந்தவர்கள் நாங்கள். தாமிரபரணியில் மூங்கில் கம்பும் மண்புழுவுமாகக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்த கைகள். அந்தத் தெம்பில்தான் இங்கே கடற்கரைக்குப் போனோம். முதல் இரண்டு வசந்தமும் ஒரு ஸ்ட்ரைப்பர் மீன்கூடக் கிடைக்கவில்லை. நேரம் தப்பு, இரை தப்பு, முள் தப்பு. பக்கத்தில் நின்ற பெரியவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நியூஜெர்சியை வைத்தே எழுதுகிறேன். நியூயார்க்கிலும் மேரிலாந்திலும் மாசசூசெட்ஸிலும் மீன் இதே மீன்தான், ஆனால் சட்டம் வேறு.

மீன் எப்படிப்பட்டது

கொடுவா சாப்பிட்டவர்களுக்கு ஸ்ட்ரைப்பரை அறிமுகப்படுத்துவது சுலபம். அதே கனத்த உடம்பு, அகன்ற வாய், வெள்ளிச் செதில். கூடவே செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி. முழுப்பெயர் ஸ்ட்ரைப்ட் பாஸ். மேரிலாந்துக்காரர்கள் ராக்ஃபிஷ் என்பார்கள். உருவம் கொடுவா மாதிரி இருந்தாலும் பயணம் நேர் எதிர். கொடுவா ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து முட்டையிட உப்புநீருக்கு இறங்கும். ஸ்ட்ரைப்பர் கடலில் வளர்ந்து முட்டையிட நன்னீருக்கு ஏறும். செசபீக் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகளும், டெலவேர், ஹட்சன் ஆறுகளும்தான் அட்லாண்டிக் கரை ஸ்ட்ரைப்பருக்குப் பெரிய பிறந்தவீடுகள். அதிலும் செசபீக்தான் பெரும்பங்கு.

தூண்டில் போட வந்தவனுக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். எங்கே, எப்போது நிற்கவேண்டும் என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது. ஹட்சனுக்கு ஏறுகிற மீனுக்கும் இறங்குகிற மீனுக்கும் வழி நியூயார்க் துறைமுகம். அதன் தெற்குப் பக்கத்தில் விரிந்து கிடப்பது ராரிடன் விரிகுடா. ஆழம் குறைவு என்பதால் வெளிக்கடல் இன்னும் விறைத்துக் கிடக்கும்போதே இங்கே தண்ணீர் சூடேறத் தொடங்கிவிடும். மார்ச் கடைசியில் சேற்றில் புழு அசையும், சின்ன ஸ்ட்ரைப்பர்கள் அதைத் தேடி வரும். ஏப்ரல் பாதிக்கு மேல் பங்கர் கூட்டம் உள்ளே நுழையும். பங்கர் என்பது நம் மத்திக்குச் சொந்தக்கார மீன். மத்தியைவிடப் பெரியது, தொட்டால் கையெல்லாம் எண்ணெய். அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே பெரிய ஸ்ட்ரைப்பர்கள் வரும். ஜூனில் வெயில் ஏறினால் பெரியவை வடக்கே மாசசூசெட்ஸ், மெயின் பக்கம் போய்விடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை அவை தெற்கே திரும்பும்போது திருவிழா விரிகுடாவில் இல்லை. சாண்டி ஹூக்கிலிருந்து ஐலண்ட் பீச் வரை திறந்த கடற்கரையில்தான் நடக்கும்.

இலையுதிர்காலக் கடற்கரையைப் பற்றி ஆளாளுக்கு ஆசைகாட்டுவார்கள். முதல்முறை போகிறவர்கள் அந்த ஆசையில் விழவேண்டாம். நவம்பர் அலையில் பாரத்தை எறிந்து நிறுத்துவதே ஒரு தனி வித்தை, குளிர் வேறு எலும்பைத் துளைக்கும். வசந்தத்தில், விரிகுடாவின் மணல்கரையில் தொடங்குங்கள். சவுத் ஆம்பாய், கிளிஃப்வுட் பீச், கீபோர்ட், யூனியன் பீச் என்று வரிசையாக இடம் இருக்கிறது. எல்லாமே எடிசனிலிருந்து அரைமணி, முக்கால்மணிப் பயணம். ஏப்ரல் 20 முதல் மே 20 வரையிலான ஒரு மாதம்தான் என் கணக்கு. தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் போக ஆசை என்றால் பெல்மார், அட்லாண்டிக் ஹைலண்ட்ஸ் துறைகளிலிருந்து பார்ட்டி போட் கிளம்புகிறது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். கோலையும் இரையையும் அவர்களே தருவார்கள், உதவிக்கு ஆள் இருப்பார், இறங்கும்போது அவருக்கு டிப்ஸ் கொடுக்கவேண்டும். மீன் கிடைக்கும் வாய்ப்பு கரையைவிட அதிகம்தான். ஆனால் முப்பது பேர் தோளோடு தோள் இடித்து நிற்கும் இடத்தில் அக்காவிடம் எதைப் பேசுவது? எங்கள் ஓட்டு கரைக்கே.

ஏற்றமும் வற்றமும்

நாள், இடம் எல்லாம் சரியாக இருந்தும் சும்மா நிற்கிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரின் நேரத்தைப் பார்க்காதவர்கள். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சாண்டி ஹூக்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக நாலே முக்கால் அடி. ஆழமில்லாத விரிகுடாவில் அது பெரிய விஷயம். வற்றும்போது வெறும் சேறாகக் கிடந்த இடத்தில் ஏறும்போது மீன் மேயும்.

உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தொடங்கி, அதற்குப் பின் இரண்டு மணி நேரம் வரை நில்லுங்கள். அந்த நேரம் விடியலிலோ பொழுது சாய்ந்தோ வருகிற நாளாகப் பார்த்து லீவு போடுங்கள். நட்டநடுப் பகலில் உச்ச ஏற்றம் வருகிற சனிக்கிழமையைவிட, காலை ஆறு மணிக்கு வருகிற செவ்வாய்க்கிழமை மேல். நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் இணையதளத்தில் ஒவ்வொரு கரைக்கும் நேர அட்டவணை இலவசமாகக் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இழுப்பும் கூடும். எங்கள் வீட்டு அடுக்களையில் தொங்கும் தினசரிக் காலண்டர் வருடத்தில் இந்த ஒரு வேலைக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. இந்திய நேரத்தில் அச்சிட்டது, ஒரு நாள் முன்பின் இருக்கலாம். மீன் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

காசில்லாத பதிவு, கறாரான சட்டம்

நியூஜெர்சியில் உப்புநீரில் தூண்டில் போட லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆனால் 16 வயது நிரம்பியவர்கள் மாநிலத்தின் உப்புநீர்ப் பதிவேட்டில் பெயர் பதியவேண்டும். இலவசம், போனிலேயே ஐந்து நிமிட வேலை, வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். ஆற்றில் மேலே நன்னீர்ப் பகுதிக்குப் போனால் அது வேறு கணக்கு, அங்கே காசு கட்டி லைசென்ஸ் எடுக்கவேண்டும்.

ஸ்ட்ரைப்பர் விஷயத்தில் மனப்பாடம் செய்யவேண்டிய எண்கள் இரண்டு: 28, 31. ஒரு ஆள் ஒரு நாளில் ஒரே ஒரு மீன் எடுக்கலாம். அது 28 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 31 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சென்டிமீட்டரில் ஏறக்குறைய 71 முதல் 79. சின்னதை விடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பெரியதையும் விடவேண்டும் என்பதுதான் நம் ஆட்களுக்குத் தொண்டையில் இறங்காது. இந்த மீனின் வரலாறு தெரிந்தால் இறங்கும். 1970-களின் கடைசியில் ஸ்ட்ரைப்பர் சரிந்துபோய், மேரிலாந்து 1985 முதல் 1990 வரை பிடிக்கவே தடை போட்டது. 1995-ல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். மறுபடி இப்போது இறங்குமுகம். செசபீக்கில் 2019-லிருந்து வரிசையாகக் குஞ்சுகள் குறைவு. 2015-ல் பிறந்த கூட்டம் மட்டும் பெரியது, அதுதான் இப்போது முட்டையிடும் வயதில் இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் 2023-ல் நியூஜெர்சியில் மேல் எல்லையை 38-லிருந்து 31-க்கு இறக்கினார்கள். பெரிய மீன் என்றால் பெரும்பாலும் பெண். ஒன்றே லட்சக்கணக்கில் முட்டையிடும்.

1982-ல் அட்லாண்டிக் சிட்டிக் கரையில் ஒருவர் எழுபத்தெட்டரை பவுண்டு ஸ்ட்ரைப்பர் பிடித்தார், சுமார் 36 கிலோ. 2011-ல் கனெக்டிகட்டில் கிட்டத்தட்ட 82 பவுண்டு மீன் கிடைக்கும்வரை உலக சாதனை அதுதான். இன்றைக்கு அப்படி ஒன்று உங்கள் முள்ளில் மாட்டினால், போட்டோ எடுத்துவிட்டு வழியனுப்பி வைக்கவேண்டும்.

இன்னும் சில. உயிர் இரையோ வெட்டிய இரையோ போட்டு ஸ்ட்ரைப்பர் பிடிப்பதானால், முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்தான் போடவேண்டும். குத்திக் கிழிக்கும் கொக்கிக் கம்பியால் மீனைத் தூக்கக்கூடாது, வலைதான். விரிகுடாவிலும் ஆறுகளிலும் ஜனவரி, பிப்ரவரி மூடியிருக்கும். கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் மத்திய அரசுக் கடலில் ஸ்ட்ரைப்பர் வைத்திருப்பதே குற்றம். பிடித்த மீனை விற்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரரிடம் பெட்ரோல் காசுகூட வாங்கக்கூடாது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, கிளம்பும் முந்தைய நாள் மாநில மீன்வளத்துறைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாமான்கள்

கடைக்குள் நுழைந்தால் ஆயிரம் டாலர் கோலை நீட்டுவார்கள். வேண்டாம். ஒன்பதிலிருந்து பத்தடி வரை நீளமுள்ள, கரையிலிருந்து எறியும் சர்ஃப் கோல் ஒன்று, மூன்று நான்கு அவுன்ஸ் ஈயம் எறியத் தாங்குவது. அதற்கு 5000 அல்லது 6000 அளவு ஸ்பின்னிங் ரீல். இரண்டும் சேர்ந்த செட்டாகவே 100 டாலரைக் கொஞ்சம் தாண்டிக் கிடைக்கும். ரீலில் 30 பவுண்டு பின்னல் நரம்பு. அதன் நுனியில் கட்ட 40 பவுண்டு தடித்த தங்கூசி ஒரு சுருள், இங்கே லீடர் என்பார்கள். கூம்பு வடிவ ஈயம் மூன்று, நான்கு அவுன்ஸில் அரை டஜன். நரம்பு முறுக்காமல் இருக்கச் சுழலிகள். வட்ட முள் 7/0 அல்லது 8/0. முள் வாங்கும்போது ஒரு சோதனை: அதை மேசையில் படுக்கப் போடுங்கள், முனை மேலே தூக்காமல் தட்டையாகக் கிடக்கவேண்டும். முனை பக்கவாட்டில் திருகியிருந்தால் சட்டப்படி அது செல்லாது.

புதியவர்கள் மறக்கும் சாமான், மணலில் கோலை நட்டுவைக்கும் குழாய். பிவிசி குழாயே போதும். ஆனால் ஒன்றரை அடியாவது மணலுக்குள் இறங்கவேண்டும். நான் முதல் வருடம் சோம்பேறித்தனமாக ஒரு சாண் மட்டும் இறக்கி வைத்துவிட்டு டீ ஊற்றத் திரும்பினேன். சத்தம் கேட்டுப் பார்த்தால் குழாய் மட்டும் சாய்ந்து கிடந்தது. கோல் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது, கடைசியாகத் தெரிந்தது ரீலின் கைப்பிடி. அக்கா டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "முதல் மீனுக்கு மொய் எழுதிட்ட" என்றாள்.

அளவு நாடா, நீண்ட மூக்குக் குறடு, ரப்பர் வலை, தலையில் கட்டும் லைட், ஐஸ் பெட்டி. மே மாதம் என்று ஏமாந்து மெல்லிய சட்டையில் போகாதீர்கள், விடியலில் விரிகுடாக் காற்று டிசம்பர் மாதிரி வீசும். தண்ணீரில் இறங்கி நிற்கும் ரப்பர் கால்சட்டை முதல் வருடம் தேவையில்லை. போட்டே தீருவேன் என்றால் இடுப்பு பெல்ட் கட்டாமல் போடாதீர்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து எழவிடாது. கரையோரப் புல்லில் உண்ணி உண்டு, லைம் நோய் கொடுப்பது. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில் பாருங்கள்.

கோர்ப்பது

தாய் நரம்பில் முதலில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழலைக் கோர்க்கவேண்டும், அதன் கொக்கியில்தான் ஈயம் தொங்கும். அடுத்து ஒரு பாசிமணி. பிறகு சுழலியைக் கட்டிவிடுங்கள். சுழலியின் மறுகாதில் இரண்டடி லீடர், லீடரின் நுனியில் முள். இவ்வளவுதான். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகர்ந்தால் நரம்பு குழலுக்குள் வழுக்கி ஓடும், ஈயத்தின் கனம் மீனுக்குத் தெரியாது.

பின்னல் நரம்பில் சுழலி கட்ட, நரம்பை இரட்டையாக மடித்துக் காதில் நுழைத்து, ஒரு சாதா முடிச்சுத் தளர்வாகப் போட்டு, கிடைத்த வளையத்துக்குள் சுழலியை முழுதாக விட்டு இழுக்கவேண்டும். லீடரில் முள் கட்ட, நுனியைக் காதில் விட்டு, லீடரின்மேலேயே நான்கைந்து சுற்று சுற்றி, காதை ஒட்டிய சிறு வளையத்துக்குள் நுழைத்து, உடனே உருவாகும் பெரிய வளையத்துக்குள்ளும் நுழைத்து இறுக்கவேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த நரம்பு உரசிச் சூடேறிப் பலம் இழக்கும். இதை முந்தைய ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து பத்து முறை கட்டிப் பழகுங்கள். விடியற்காலை நான்கரை மணிக்கு, விரல் மரத்த நிலையில், லைட் வெளிச்சத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

இரை

ஏப்ரல் தொடக்கம் என்றால் மட்டி. ஏப்ரல் கடைசி, மே என்றால் பங்கர். தூண்டில் கடையில் பங்கர் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டாம், மீன் சந்தையில் அம்மா மத்தி வாங்கும்போது எதைப் பார்ப்பாளோ அதைப் பாருங்கள். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பா, அழுத்தினால் பள்ளம் மேலே வருகிறதா. உறைந்து உருகிய பங்கர் முள்ளில் நிற்காது, எறியும்போதே கழன்று பறக்கும்.

குழம்புக்கு நறுக்குவதுபோல் குறுக்காக இரண்டு விரல் கனத்துக்கு வெட்டுங்கள். முள்ளை முதுகுப் பக்கத்துத் தடித்த சதையில் ஒரே ஒரு முறை ஏற்றி, முனை வெளியே நன்றாகத் தெரியும்படி விடவேண்டும். முனையை இரைக்குள் ஒளித்துவைக்கும் நம் ஊர்ப் பழக்கம் வட்ட முள்ளுக்கு ஆகாது. தலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் முதல்தர இரை. நண்டு சீக்கிரம் தின்று தீர்க்க முடியாது, பெரிய மீனுக்குப் பிடித்தது. துண்டத்தை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரத்தமும் எண்ணெயும் கழுவிப்போன துண்டம் வெறும் தோல்தான்.

கரையில் நின்று

எறியும் முன் பின்னால் பாருங்கள். நான்கு அவுன்ஸ் ஈயம் யார் மண்டையிலாவது பட்டால் ஆஸ்பத்திரிதான். பின்னல் நரம்பு விரலை அறுக்கும், ஆள்காட்டி விரலுக்கு ஒரு உறை போட்டுக்கொள்ளுங்கள். கரையிலிருந்து முப்பது, நாற்பது கஜம் போதும். முதல் வருடம் நாங்கள் இருவரும் போட்டிபோட்டுத் தூரத் தூர எறிந்தோம். ஒருநாள் பக்கத்துப் பெரியவர் கையைக் காட்டினார். எங்கள் ஈயம் விழுந்த இடத்துக்கு வெகு முன்னாலேயே, கணுக்கால் ஆழத்துக்குக் கொஞ்சம் அப்பால், மீன் வால் அடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு கோலைத் தூரத்தில் போடுகிறோம், இன்னொன்றைப் பக்கத்தில்.

ரீலின் டிராக் திருகை முன்னமே சரிசெய்துவையுங்கள். 30 பவுண்டு நரம்பானால் எட்டுப் பத்து பவுண்டு இழுப்புக்கு நரம்பு வெளியே ஓடவேண்டும். கையால் இழுத்துப் பார்த்தால், முரண்டு பிடித்துக்கொண்டே வரவேண்டும்.

பிறகு காத்திருப்பது. அக்காவும் நானும் ஊர்க்கதை பேசுவது அப்போதுதான். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பெரியப்பா வீட்டு வயல் பங்கு, போனில் பேசினால் சண்டையில் முடியும் எதுவும் இங்கே அப்படி முடிவதில்லை, ஏனென்றால் இருவர் கண்ணும் கோல் நுனியில்தான் இருக்கும். எதிரே ஸ்டேட்டன் தீவு, அதற்கப்பால் வெரசானோ பாலத்தின் விளக்குகள்.

நுனி சொல்லும் பாஷை ஒன்று உண்டு. சின்னச் சின்னதாகத் துடித்தால் நண்டு. மெதுவாக, கனமாக வளைந்து அப்படியே நின்றால் திருக்கை. டக் டக் என்று இரண்டு தட்டு, பிறகு கோல் அப்படியே குனிந்தால், அதுதான்.

குனிந்தபின்

இங்கேதான் ஆற்றங்கரைப் பழக்கம் காலை வாரும். கடித்ததும் வெடுக்கென்று இழுப்பது நம் கைக்கு ஊறியது. வட்ட முள்ளில் அப்படிச் சுண்டினால் முள் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். நான் அப்படி விட்ட மீன்கள் மூன்று. மூன்றாவதுக்கு அக்கா பொறுக்கமாட்டாமல், "ஏலே, கெண்டையா பிடிக்க வந்திருக்க?" என்று கத்தினாள். செய்யவேண்டியது: கோலைக் குழாயிலிருந்து எடுங்கள், நரம்பு தானாக இறுகட்டும், நிதானமாக ரீலைச் சுற்றுங்கள். முள் தானே திரும்பி வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். வயிற்றுக்குள் போகாமல் உதட்டோரத்தில் மாட்டுவதால்தான் இந்த முள்ளைச் சட்டமாக்கினார்கள்.

மீன் ஓடினால் ஓடவிடுங்கள். நரம்பு வெளியே போகும்போது சுற்றினால் நரம்பு முறுக்கேறுவதுதான் மிச்சம். அது நின்றதும் கோலை மேலே உயர்த்தி, இறக்கும்போது சுற்றி, மறுபடி உயர்த்தி. கரைக்கு அருகே வந்ததும் இன்னொரு ஓட்டம் கட்டாயம் உண்டு, அதில்தான் பாதி மீன் தப்பும். இந்த நேரத்தில் மற்ற ஆள் தன் கோலைச் சுற்றி எடுத்துவிட்டு வலையோடு வரவேண்டும். இரண்டு பேராகப் போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒருவர் கோல், ஒருவர் வலையும் நாடாவும். எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்: மீன் யாருடையதோ அவர் வாயைத் திறக்கக்கூடாது, வலைக்காரர் சொல்வதைக் கேட்கவேண்டும். சின்ன வயதில் எதற்கும் ஒத்துப்போகாதவர்கள் நாங்கள், இதில் மட்டும் மீறியதில்லை.

வேறு ஏதாவது மாட்டினால் முகம் சுளிக்கவேண்டாம். திருக்கையை, அதன் உடம்பு முள் குத்தாமல், குறடால் விடுவியுங்கள். புளூஃபிஷ் வந்தால் விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், பல் ரம்பம். மே மாதம் கரையேறும் குதிரைலாட நண்டு நரம்பில் சுற்றினால் ஓட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி விடுங்கள், வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அவற்றைப் பிடிக்க 2008 முதல் நியூஜெர்சியில் தடை.

அளந்து, விட்டு

முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அது அதன் தோலுக்குக் காவல். ஸ்ட்ரைப்பருக்குக் கடிக்கும் பல் இல்லை, உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு மட்டும்தான். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்து, மற்றக் கையால் வயிற்றைத் தாங்குங்கள். முதுகு முள்ளும் செவுள் மூடியின் ஓரமும் கிழிக்கும், அங்கே கவனம். உதட்டில் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் போட்டோ எடுப்பது பெரிய மீனின் உள்ளுறுப்பைக் கெடுக்கும்.

வாயை மூடி, வாலின் இரு நுனியையும் சேர்த்துப் பிடித்து, நேர்கோட்டில் அளக்கவேண்டும். 27¾ என்றால் 28 இல்லை. எத்தனை முறை வாலை இழுத்தாலும் இல்லை. எங்களுக்குக் கிடைத்ததில் பெரும்பாலானவை ஒன்று குட்டை, ஒன்று நெட்டை.

விடுவதானால், முடிந்தவரை தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றுங்கள். வெளியே எடுத்தால் நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டும்போது அதற்கும் முட்டும். பிறகு முழங்கால் ஆழத்தில் அதை நேராகப் பிடித்து, தலை ஓட்டத்துக்கு எதிரே இருக்கும்படி வையுங்கள். செவுள் திறந்து மூடும். அதுவே வாலை உதறிக் கிளம்பும்வரை கையை எடுக்காதீர்கள். விட்ட மீன்களில் நூற்றுக்கு 9 செத்துப்போகும் என்றுதான் மீன்வளக் கணக்கே போடுகிறார்கள். தண்ணீர் சூடான ஜூலையில் அது இன்னும் கூடும். அதனால்தான் கோடையில் நாங்கள் போவதில்லை.

வீட்டுக்கு

28-க்கும் 31-க்கும் இடையில் ஒன்று அகப்பட்டால் உடனே செவுளை அறுத்து ரத்தம் வடித்து ஐஸில் போடுங்கள். நான்கைந்து கிலோ இருக்கும். கரையில் துண்டு போடாதீர்கள், அதிகாரி வந்து கேட்டால் முழு மீனைக் காட்டவேண்டும்.

அடுத்தது சமையல். இங்கே நம் நாக்குக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. இந்தப் பக்கத்து விரிகுடாக்களிலும் ஆறுகளிலும் பழைய தொழிற்சாலைகள் விட்டுப்போன பிசிபி என்ற நச்சு சேற்றில் தங்கியிருக்கிறது, அது மீனின் கொழுப்பில் சேர்கிறது. குழந்தைகளும், கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்றுக்கொள்ளும் வயதுப் பெண்களும் இந்த மீனைச் சாப்பிடவேண்டாம் என்பது மாநிலத்தின் அறிவுரை. மற்றவர்களும் அளவோடுதான். தோல், வயிற்றுக் கொழுப்பு, நடுக்கோட்டை ஒட்டிய கருஞ்சிவப்புச் சதை மூன்றையும் அரிந்து எறியச் சொல்கிறார்கள். சமைக்கும்போது வடியும் கொழுப்பையும் சேர்த்துக்கொள்ளக்கூடாது.

அப்படியானால் குழம்பு வேண்டாம், கொழுப்பு முழுக்க அதில்தான் இறங்கும். தலைக்கறியும் வேண்டாம். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னால், "தலையத் தூரப் போட்டுட்டு என்னத்த மீன் திங்கீங்க?" என்பாள். தோலுரித்த வெள்ளைச் சதையைத் தடித்த துண்டாக அரிந்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல், அரைத்த சின்ன வெங்காயம், சோம்பு பூசி ஒரு மணி நேரம் வைத்து, கம்பித்தட்டில் அடுக்கி ஓவனில் மேல்சூட்டில் வாட்டுங்கள். கொழுப்பு கீழ்த்தட்டில் வடிந்துவிடும், அதைக் கொட்டிவிடுங்கள். சதை கொடுவா மாதிரியே இதழ் இதழாகப் பிரியும். பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கோழி.

சாப்பிட்டு முடித்ததும் படுக்கப் போய்விடாதீர்கள். டிராக் திருகை இறுக்கிவிட்டு, ரீலையும் கோலின் வளையங்களையும் நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவி, துடைத்து, மறுபடி திருகைத் தளர்த்தி வையுங்கள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். ஒரு வருடம் நான் கழுவாமல் கராஜில் சாய்த்துவிட்டேன். அடுத்த மே மாதம் கைப்பிடி அசையவே இல்லை. அன்றைக்கு முழுக்க நான் வலைக்காரன்.